பாட்டாவுக்குக் கிடைக்காத ஆலை: சர்வாதிகாரிகள் பிடுங்கிய சொத்தை யாருக்குத் திருப்புவது?

நூல்கண்டு:

பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ வாங்க பாட்டா கடை ஏறிய நம்மில் பாதிப் பேர் அதை இந்தியக் கம்பெனி என்றே நினைத்திருப்போம். கல்கத்தா பக்கம் பாட்டாநகர் என்று ஓர் ஊரே இருக்கிறது, அப்புறம் வேறு எப்படி நினைப்பது? ஆனால் கம்பெனி பிறந்தது செக் நாட்டு ஸ்லீன் நகரில், 1894-ல். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1945 அக்டோபரில், ஸ்லீன் ஆலையை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி, தன் தலைவர் கோட்வால்டின் பெயரால் ஊர்ப் பெயரையே கோட்வால்டோவ் என்று மாற்றியது. 1989-ல் அந்த ஆட்சி கவிழ்ந்த சூட்டோடு, டிசம்பரிலேயே நிறுவனரின் மகன் கனடாவிலிருந்து வந்து இறங்கினார். ஊரே திரண்டு வரவேற்றது. ஆலை மட்டும் கைக்கு வரவில்லை.

அதே நாட்டில் லோப்கோவிட்ஸ் என்ற பிரபு குடும்பத்துக்குக் கோட்டைகள், ஓவியங்கள், பேத்தோவனின் 4, 5-ஆம் சிம்ஃபனிகளின் பழைய இசைப்பிரதிகள் வரை திரும்பியிருக்கின்றன. செருப்பு தைத்து முன்னுக்கு வந்த குடும்பத்துக்கு இல்லை, பிரபுவுக்கு உண்டு. இது என்ன கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ப்ராக்வாசி:

தேதிக் கணக்கு, வேறொன்றும் இல்லை. 1991-ல் செக்கோஸ்லோவாக்கியா போட்ட சட்டம் 1948 பிப்ரவரி 25 முதல் 1990 ஜனவரி 1 வரை பிடுங்கப்பட்டதை மட்டும்தான் பார்க்கும். 1948 பிப்ரவரி 25 என்பது கம்யூனிஸ்டுகள் ஆட்சியை முழுசாகக் கைப்பற்றிய நாள். பாட்டா ஆலை போனது 1945-ல், ஜனாதிபதி பெனெஷ் போட்ட ஆணையில். அப்போது இருந்தது கூட்டணி ஆட்சி. ஆகவே, சட்டத்தின் கண்ணில் அது "கம்யூனிஸ்ட் கொடுமை" கிடையாது. லோப்கோவிட்ஸ் சொத்தை 1939-ல் நாஜிகள் பிடுங்கினார்கள், 1945-க்குப் பிறகு திரும்பக் கிடைத்தது, 1948-ல் மறுபடி போனது. இரண்டாவது பிடுங்கல் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்ததால் பிழைத்தார்கள்.

அந்தத் தேதியை ஏன் இழுத்தார்கள் என்று கேட்டால் இங்கே டீக்கடையில்கூட பதில் சொல்வார்கள். மூன்று வருடம் பின்னால் போனால், செக் எல்லைப் பகுதிகளில் வாழ்ந்த சுதேதன் ஜெர்மானியர் விவகாரம் வரும். போருக்குப் பிறகு ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மானியரை வெளியேற்றி, வீடு, நிலம், பட்டறை எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொண்டது. அந்த வீடுகளில் இன்று செக் குடும்பங்கள் மூன்றாம் தலைமுறையாக இருக்கின்றன. அந்தக் கதவைத் திறக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் யூதர்கள். நாஜிகள் பிடுங்கியதை 1945-க்குப் பிறகு கேட்டு மனு போட்டார்கள், விசாரணை முடிவதற்குள் 1948 வந்துவிட்டது. 1991 சட்டத்தின்படி பிடுங்கியது 1948-க்கு முன்னால், ஆகவே கிடையாது. இதைக் கொஞ்சமாவது சரி செய்ய 1994-ல் தனியாக ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

நூல்கண்டு:

அப்படியென்றால் மனு போடும் உரிமை 1948-க்குப் பின் இழந்த எல்லாருக்கும் உண்டா? நாட்டை விட்டு ஓடியவர்களுக்கும்?

ப்ராக்வாசி:

அதுதான் அடுத்த வேலி. செக்கோஸ்லோவாக்கியக் குடியுரிமை இருக்க வேண்டும், நிரந்தரமாக நாட்டில் குடியிருக்கவும் வேண்டும் என்று சட்டம் சொன்னது. குடியிருப்பு நிபந்தனையை 1994-ல் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. குடியுரிமை நிபந்தனை அப்படியே நிலைத்துவிட்டது. அமெரிக்காவுக்குத் தப்பி ஓடி அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இதில் ஒரு விசேஷமான இடி: 1928-ல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி அமெரிக்கக் குடிமகன் ஆனதுமே பழைய குடியுரிமை தானாகப் போய்விடும். ஆக, எந்த ஆட்சிக்குப் பயந்து ஓடினார்களோ, ஓடிய காரணத்துக்காகவே சொத்தும் இல்லை. ஐ.நா. மனித உரிமைக் குழு 1995-லேயே இது பாரபட்சம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ப்ராக் அசையவில்லை.

சிவப்புத்துண்டு:

நான் இடதுசாரி. ஆனால் அந்த ஆட்சிகளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் புரியாதது இது. கோட்டை போனவனுக்குக் கோட்டை, ஆறு மாடிக் கட்டடம் போனவனுக்கு ஆறு மாடிக் கட்டடம். யாஹிமோவ் யுரேனியச் சுரங்கத்தில் பத்து வருஷம் கிடந்த அரசியல் கைதிக்கு? சிறையில் இருந்த மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அப்பா தேவாலயப் போதகர் என்பதற்காகக் காலேஜ் சீட் மறுக்கப்பட்டு வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு குடோனில் வேலை பார்த்த பெண்ணுக்கு? ஒன்றும் இல்லை. எல்லாருமே இழந்தார்கள், ஆனால் 1948-ல் ஏற்கெனவே பணக்காரனாக இருந்தவன் இழந்ததை மட்டும் அச்சு அசலாகத் திருப்பினார்கள். ஜனாதிபதி ஹாவெல் குடும்பத்துக்கே ப்ராக் நடுவில் இருக்கும் லுட்செர்னா மாளிகை திரும்பியது. அவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

இதற்கு ஹங்கேரிக்காரர்கள் செய்தது தேவலை. கட்டடத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. 1991-ல் இழப்பீட்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். முதல் 2 லட்சம் ஃபோரிண்ட் வரை முழு மதிப்பு, அதற்கு மேல் போகப்போக விகிதம் குறையும், உச்சவரம்பு 50 லட்சம். பெரிய ஆளுக்குச் சின்ன விகிதம்.

மதுரைவக்கீல்:

தோழர், அந்தச் சீட்டு புடாபெஸ்ட் பங்குச்சந்தையில் முகமதிப்புக்கு எவ்வளவோ கீழே விலை போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்ட கிழவி சந்தை விலைக்கு விற்றாள், பொறுத்திருக்க வசதி உள்ளவன் வாங்கி நிலத்து ஏலத்தில் போட்டான். வரம்பு வைத்த சீட்டிலும் வசதி உள்ளவன் கைதான் ஓங்கியது.

நான் சொல்ல வந்தது வேறு. செக் சட்டத்தைத் திட்டுகிறீர்கள். சட்டமே போடாத நாடு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் போலந்துக்குப் போங்கள். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அங்கே பொதுவான சொத்துத் திருப்பல் சட்டம் கிடையாது. 2001-ல் நாடாளுமன்றம் ஒன்றை நிறைவேற்றியது, ஜனாதிபதி க்வாஷ்னியெவ்ஸ்கி வீட்டோ போட்டார். அதோடு சரி.

சட்டம் இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்று நினைக்கக் கூடாது, அது கோர்ட்டுக்கும் புரோக்கருக்கும் போகும். வார்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 எழுச்சிக்குப் பிறகு நாஜிகள் நகரத்தை வீடு வீடாகத் தகர்த்தார்கள். 1945 அக்டோபர் 26-ல் வந்த ஆணை, நகர எல்லைக்குள் இருந்த எல்லா நிலத்தையும் நகராட்சிக்கு மாற்றியது. நகரத்தைத் திட்டமிட்டுக் கட்ட வேண்டும் என்பது காரணம், அதில் நியாயமும் இருந்தது. பழைய உரிமையாளர் ஆறு மாதத்துக்குள் மனு போட்டால் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை தரலாம் என்று ஒரு பிரிவு. ஆயிரக்கணக்கானோர் மனு போட்டார்கள். அதிகாரிகள் நிராகரித்தார்கள், அல்லது பதிலே போடாமல் வைத்துவிட்டார்கள்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. 1989-க்குப் பிறகு அந்தப் பதில் போடாத மனுக்கள் எல்லாம் சட்டப்படி உயிரோடு இருந்தன! நாற்பதுகளில் ஒரு விதவை கொடுத்த மனு தொண்ணூறுகளில் தூசி தட்டி எழுப்பப்பட்டது. அதற்குப் பெயர் "கோரிக்கை". கோரிக்கையை விற்கலாம், வாங்கலாம். வெளிநாட்டில் இருக்கும் வாரிசுகளைத் தேடிப் பிடித்து அற்ப விலைக்குக் கோரிக்கையை வாங்கி, நகராட்சியிடம் கட்டடத்தை மீட்டு, உள்ளே இருப்பவர்களைக் கிளப்புவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. வாரிசு கிடைக்கவில்லையா? காணாமல் போனவருக்குக் காப்பாளர் நியமிக்கச் சொல்லி கோர்ட்டில் மனு. சில வழக்குகளில் அந்தக் "காணாமல் போனவர்" உயிரோடு இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். பிறந்த தேதி காகிதத்தில் இருக்கிறது. கோர்ட்டும் காப்பாளரை நியமித்தது.

உச்சம் ஹ்மியெல்னா தெரு 70. ஸ்டாலின் காலத்தில் கட்டிய கலாச்சார மாளிகைக்குப் பக்கத்து மனை, நகரத்தின் மிக விலையுயர்ந்த இடங்களில் ஒன்று. மதிப்பு 16 கோடி ஸ்வோத்தி என்று பேசப்பட்டது. 2012-ல் நகராட்சி அதைக் கோரிக்கை வாங்கியவர்களுக்குக் கொடுத்தது. பழைய உரிமையாளர்களில் ஒருவர் டென்மார்க் குடிமகன் என்றும், டென்மார்க் குடிமக்களின் சொத்துக்காக போலந்து அந்த நாட்டுக்கு எப்போதோ மொத்தமாகப் பணம் கட்டிக் கணக்கை முடித்துவிட்டது என்றும் பின்னால் தெரிய வந்தது. 2016-ல் பத்திரிகைகள் இதை வெளியே கொண்டுவந்த பிறகு கைதுகள், விசாரணைக் கமிஷன் எல்லாம்.

சிவப்புத்துண்டு:

யோலாந்தா ப்ஷெஸ்காவை விட்டுவிட்டீர்களே வக்கீல் சார். 2006-ல் வார்சாவில் அவர் குடியிருந்த கட்டடம் கைமாறியது. வாடகை ஏறிக்கொண்டே போனது, அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள், கடைசியில் அவர் மட்டும் மிஞ்சினார். குடியிருப்போர் சங்கம் கட்டிப் போராடினார். 2011 மார்ச் 1 அன்று கபாத்தி காட்டில் எரிந்த உடலாகக் கிடந்தார். வயது 64. முதலில் தற்கொலையாக இருக்கலாம் என்றார்கள், விசாரணையை மூடினார்கள், 2016-ல் மறுபடி திறந்தார்கள். "எங்கள் எல்லாரையும் எரிக்க முடியாது" என்று வார்சாவில் பதாகை பிடித்தார்கள்.

சொத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்கிறவர்கள், அந்தச் சொத்துக்குள் ஆள் இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மதுரைவக்கீல்:

அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவரைத் தெருவுக்குத் தள்ளியது திருப்பல் சட்டம் அல்ல, சட்டம் இல்லாததால் முளைத்த சந்தை. சட்டம் இருந்திருந்தால் கோரிக்கையை மூன்றாம் ஆளுக்கு விற்கக் கூடாது, குடியிருப்பவரை இத்தனை வருடத்துக்குக் கிளப்பக் கூடாது, நிலத்துக்குப் பதில் பணம்தான் என்று ஏதாவது நிபந்தனை இருந்திருக்கும். ஓட்டைச் சட்டமாக இருந்தாலும் 1991-ல் போட்டிருந்தால் 2011-ல் இந்தச் சாவு நடந்திருக்காது என்பது என் கட்சி.

ப்ராக்வாசி:

வக்கீல் சார் சொல்வதற்கு இங்கே சாட்சி இருக்கிறது. ப்ராகில் கட்டடம் உரிமையாளருக்குத் திரும்பியது, ஆனால் உள்ளே இருந்த குடும்பங்களும் சேர்ந்தே திரும்பின. வாடகைக்கு அரசு வைத்த கட்டுப்பாடு அப்படியே தொடர்ந்தது. கூரை ஒழுகும், ஓட்டை அடைக்க உரிமையாளர் செலவழிக்க வேண்டும், வாடகையோ அதற்குக் காணாது. 2007 தொடங்கித்தான் படிப்படியாகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். உரிமையாளர்கள் ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் அழுதார்கள். குடியிருந்தவர்களுக்குப் பதினைந்து வருட மூச்சு கிடைத்தது. எனக்கென்னவோ அது மோசமான பேரமாகத் தெரியவில்லை.

பெர்லின்மழை:

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், வேலை. ஜெர்மனி பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். இங்கே நான் கேட்ட கதைகளை வைத்தே ஒரு தனி இழை ஓட்டலாம்.

1990 ஜூன் 15-ல் இரண்டு ஜெர்மனிகளும் கூட்டறிக்கை விட்டன. முதலில் சொத்தையே திருப்புவது, முடியாவிட்டால் பணம். கேட்க நன்றாக இருந்தது. 20 லட்சத்துக்கு மேல் கோரிக்கைகள் குவிந்தன. பெர்லினை ஒட்டி க்ளைன்மாக்னோ என்று ஓர் ஊர், வீட்டுக்கு வீடு கோரிக்கை விழுந்த இடம். கிழக்கு ஜெர்மானியச் சட்டத்தில் மனை அரசுடையது, மேலே உள்ள வீடு உன்னுடையது என்று இருக்க முடியும். 1990 மார்ச்சில், தேர்தலில் தோற்பதற்குச் சில நாள் முன்பு, கிழக்கு ஜெர்மனியின் கடைசிக் கம்யூனிஸ்ட் பிரதமர் மோட்ரோவின் அரசு அந்த மனையைக் குடியிருப்பவர்கள் மலிவாக வாங்கிக்கொள்ள வழி செய்தது. ஆளாளுக்குப் பதிவு அலுவலக வாசலில் நின்றார்கள்.

பிறகு வந்த சட்டம் "நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து பிடுங்க மாட்டோம்" என்றது. ஆனால் அதற்கும் ஒரு தேதி: 1989 அக்டோபர் 18, கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கர் பதவி இறங்கிய நாள். அதற்கு முன் வாங்கியவர் நல்லவர், அதற்குப் பின் வாங்கியவர் சந்தேகத்துக்கு உரியவர். ஒரே தெருவில் ஒரே மாதிரி வீடு, ஒரே விலை. ஒருவர் செப்டம்பரில் கையெழுத்துப் போட்டார், இன்னொருவர் அடுத்த மார்ச்சில். முன்னவர் இன்னும் இருக்கிறார். பின்னவர் வழக்கில் இழுபட்டார்.

ஒரு மனைக்கு மூன்று உரிமையாளர் வருவதும் உண்டு. முப்பதுகளில் நாஜி நெருக்கடியில் அடிமாட்டு விலைக்கு விற்ற யூதக் குடும்பம். அதை வாங்கி, பின்னால் மேற்கே தப்பியோடி, சோஷலிச அரசிடம் இழந்த ஜெர்மானியக் குடும்பம். இப்போது உள்ளே இருப்பவர். சட்டம் முதலில் இழந்தவருக்கே முதல் உரிமை தந்தது, அது சரிதான் என்பேன். வாரிசே இல்லாமல் அழிக்கப்பட்ட யூதக் குடும்பங்களின் சொத்துக்கு யூத உரிமைக் கோரல் மாநாடு என்ற அமைப்பை வாரிசாக்கினார்கள். வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடிக் குடும்பத்தின் மத்திய பெர்லின் மனைகளுக்காக கார்ஸ்டாட்க்வெல்லே நிறுவனம் 2007-ல் 8.8 கோடி யூரோ கட்டி சமாதானம் ஆனது.

கூத்து என்னவென்றால், "முதலில் திருப்பல்" என்ற கொள்கையால் கிழக்கே யாரும் முதலீடு செய்ய வரவில்லை. யாருடைய மனை என்றே தெரியாத இடத்தில் எவன் ஆலை கட்டுவான்? ஓரிரண்டு வருடத்தில் தனிச் சட்டம் போட்டு, வேலை கொடுக்கும் முதலீட்டாளர் வந்தால் அவருக்கு மனை, பழைய உரிமையாளருக்குப் பணம் என்று திருப்பிப் போட்டார்கள்.

நூல்கண்டு:

பெர்லின் அக்கா, அங்கே பெரிய பண்ணையார்கள் நிலமும் போனதே? அவர்களுக்குக் கிடைத்ததா?

பெர்லின்மழை:

இல்லை தம்பி. 1945 முதல் 1949 வரை சோவியத் ராணுவம் நேரடியாக ஆண்ட காலம் முழுக்க விலக்கு. 100 ஹெக்டேருக்கு மேல் வைத்திருந்த எல்லாரிடமும் நஷ்டஈடு இல்லாமல் எடுத்தார்கள், மொத்தம் சுமார் 33 லட்சம் ஹெக்டேர் நிலம் அந்தச் சீர்திருத்தத்துக்குள் வந்தது. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றுபட ஒத்துக்கொள்ள சோவியத் போட்ட நிபந்தனை இது என்று ஜெர்மன் சான்சலர் கோலின் அரசு சொன்னது. அப்படியொரு நிபந்தனை போடவில்லை என்று கோர்பச்சேவ் பின்னால் மறுத்தார். 1991-ல் அரசியல் சாசன நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. பண்ணையார் வாரிசுகள் ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள், 2005-ல் அங்கேயும் மனு தள்ளுபடி. சலுகை விலையில் கொஞ்சம் நிலம் வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவில் 1994 சட்டம் ஆறுதல் தந்தது.

இன்னொன்று: அந்தச் சீர்திருத்தத்தில் நிலம் பெற்ற சின்னக் குடியானவர்களின் வாரிசுகளிடமிருந்தே, அவர்கள் விவசாயம் செய்யவில்லை என்ற காரணத்தால், 1992 சட்டம் நஷ்டஈடு இல்லாமல் நிலத்தை எடுத்தது. ஸ்ட்ராஸ்பர்க் முதல் அமர்வு அது தவறு என்றது. பெரிய அமர்வு 2005 ஜூன் 30-ல் தவறில்லை என்றது. பண்ணையாருக்கும் இல்லை, குடியானவன் பேரனுக்கும் இல்லை. லாபம் அரசுக்கு. இதைப் பற்றி ஏனோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

தேவகோட்டைத்தாத்தா:

பிள்ளைகளே, ஐரோப்பாவையே சுற்றுகிறீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் பர்மாப் பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை.

முப்பதுகளின் முடிவில் கீழ்பர்மாவின் நெல் வயலில் ஏறத்தாழ கால்வாசி செட்டியார்கள் பேரில் இருந்தது. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் பேரேடு எழுதிய ஆட்களின் பேரன்கள் இன்னும் இருக்கிறார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பாதிப் பேர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். 1948 நில தேசியச் சட்டத்தில் வயல் போனது. 1962-ல் நெ வின் ராணுவ ஆட்சி, அடுத்த இரண்டு வருடத்தில் கடை கண்ணி எல்லாம் தேசியமயம். 1964-ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது. மூன்று லட்சம் பேர் வரை இந்தியா திரும்பினார்கள் என்பார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்ததுதான். எங்களுக்கு எந்தத் தேதிக் கோடும் யாரும் இழுக்கவில்லை.

சிவப்புத்துண்டு:

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே கேட்கிறேன். அந்தக் கால்வாசி நிலம் செட்டியார் பேருக்கு வந்தது எப்படி? 1930-ல் நெல் விலை சரிந்தது, கடன் அடைக்க முடியாத பர்மியச் சம்சாரியின் நிலம் அடமானத்தில் போனது. நிலத்தைக் கொத்திப் பண்படுத்தியவன் அவன். அந்த நாட்டில் திருப்பிக் கொடுப்பது என்று ஆரம்பித்தால் யாரிடமிருந்து ஆரம்பிப்பது? 1948-லிருந்தா, 1930-லிருந்தா?

தேவகோட்டைத்தாத்தா:

கேள்வி நியாயம்தான். எங்கள் அய்யாவும் அதைச் சொல்வார்: நிலம் வேண்டும் என்று யாரும் கடன் கொடுக்கவில்லை, வட்டிதான் வேண்டும், நிலத்தை வைத்துக்கொண்டு தேவகோட்டையிலிருந்து எப்படி உழுவது என்று. ஆனால் கடை வைத்துப் பிழைத்தவனுக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்து ஒரு குடிசை வாங்கியவனுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. தமிழ்க் கூலிகள் அங்கே எத்தனையோ பேர். அவர்களும்தான் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள்.

கம்பாலாக்கணக்கன்:

தாத்தா சொன்னதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு கேஸ், திரும்பக் கொடுத்த கேஸ்: உகாண்டா.

1972 ஆகஸ்டில் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்தார். பெரும்பாலும் குஜராத்திகள். கடை, ஆலை, வீடு எல்லாம் "வெளியேறிய ஆசியர் சொத்துக் காப்பு வாரியம்" என்ற அமைப்பின் கைக்குப் போய், அங்கிருந்து ராணுவக்காரர்கள், வேண்டியவர்கள் கைக்குப் போனது. அமீன் 1979-ல் விழுந்தார். 1982-ல் ஒபோட்டே அரசு ஒரு சட்டம் போட்டது. அமீன் காலத்தில் அந்தச் சொத்துகளில் நடந்த விற்பனை, குத்தகை எல்லாம் செல்லாது, உரிமையாளர் வந்து மீட்டுக்கொள்ளலாம் என்று. மத்வானி குடும்பம் எண்பதுகளில் திரும்பி வந்து ஜிஞ்ஜா பக்கத்தில் இருக்கும் ககிரா சர்க்கரை ஆலையைத் தூக்கி நிறுத்தியது, இன்று நாட்டின் மிகப் பெரிய சர்க்கரை ஆலை அது. 1986-ல் ஆட்சிக்கு வந்த முசவேனி, தொண்ணூறுகளில் மற்றவர்களையும் வரச் சொன்னார். காரணம் நியாய உணர்ச்சி மட்டும் இல்லை. உலக வங்கி அழுத்தம் கொடுத்தது, நாட்டுக்கு முதலும் தேவைப்பட்டது.

இங்கே இந்தியர் கடைகளில் கணக்கு எழுதும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம், ஆகையால் காதில் விழுவது: வார்சாவில் நடந்த அதே கோளாறு இங்கேயும் நடந்தது. லண்டனில் இருக்கும் உரிமையாளர் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி கொண்டுவந்து வேறு ஆள் கட்டடத்தை மீட்பது, ஏற்கெனவே நஷ்டஈடு வாங்கிய சொத்தையும் மறுபடி மீட்பது. 2019-ல் நாடாளுமன்றக் குழு இதையே தோண்டியது. காப்பு வாரியம் இன்னும் கலைக்கப்படவில்லை. தற்காலிகம் என்று தொடங்கியது ஐயா.

மதுரைவக்கீல்:

போலந்து, உகாண்டா, ருமேனியா, மூன்று நாட்டிலும் ஒரே நோய் என்று பாருங்கள். ஆட்சி விழுந்து பத்து வருடத்துக்குள், உரிமையாளர் உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் வருவது அவரே. முப்பது வருடம் கழித்துக் கொடுத்தால் வருவது அவருடைய பவர் ஏஜெண்டு. ருமேனியாவில் 1995-ல் ஒரு சட்டம் குடியிருப்பவர்களுக்கு வீட்டை விற்றது, 2001-ல் இன்னொரு சட்டம் அதே மாதிரி வீடுகளைப் பழைய உரிமையாளருக்குக் கொடுத்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு பேரிடம் முத்திரை குத்திய பத்திரம். ஸ்ட்ராஸ்பர்கில் வழக்குகள் மலைபோலக் குவிந்து, 2010-ல் நீதிமன்றமே முதலில் உங்கள் சட்டத்தைச் சரி பண்ணுங்கள் என்று அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ப்ராக்வாசி:

எதுவும் முடிந்தபாடில்லை என்பதற்கு இன்னும் ஒன்று. லீக்டென்ஷ்டைன் தெரியுமா? 160 சதுர கிலோமீட்டர் நாடு. 1945-ல் அவர்களுடைய மன்னர் குடும்பத்தையும் "ஜெர்மானியர்" பட்டியலில் சேர்த்து செக் அரசு எடுத்த நிலம் அந்த நாட்டைப் போல் பத்து மடங்கு. அந்தக் கோபத்தில் 2009 வரை இரு நாட்டுக்கும் தூதரக உறவே கிடையாது. 2020-ல் லீக்டென்ஷ்டைன் செக் குடியரசு மீது ஸ்ட்ராஸ்பர்கில் அரசுக்கு எதிராக அரசு என்று வழக்கே போட்டது.

இங்கே தேவாலயங்களின் சொத்து விஷயமும் 2012 சட்டத்தில்தான் தீர்ந்தது. 7,500 கோடி கொருனா மதிப்புள்ள சொத்து, அதோடு 5,900 கோடி கொருனா பணம் 30 வருடத் தவணையில். 2019-ல் அந்தப் பணத்துக்கு வரி போடப் பார்த்தார்கள், அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்துவிட்டது. தவணை இன்னும் ஓடுகிறது.

சிவப்புத்துண்டு:

கடவுள் நம்பிக்கை குறைந்த நாடுகளின் பட்டியலில் முன்னால் நிற்கும் நாடு தேவாலயத்துக்குத் தவணை கட்டுகிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேவகோட்டைத்தாத்தா:

வக்கீல் தம்பியிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். போன மாசம் ஒருவன் போனில் பேசினான். பர்மாப் பத்திரம் இருந்தால் ரங்கூனில் கேஸ் போட்டு மீட்டுத் தருகிறோம், பதிவுச் செலவுக்கு முன்பணம் அனுப்புங்கள் என்கிறான். எங்கள் பங்காளி ஒருவர் ஆசைப்படுகிறார். ஏதாவது வழி உண்டா?

மதுரைவக்கீல்:

ஐயா, ஒரு பைசா அனுப்ப வேண்டாம், அசல் பத்திரத்தையும் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். வயல் 1948 சட்டத்தில் போனது, மற்றவை அறுபதுகளில். அவற்றைத் திருப்பித் தர அங்கே எந்தச் சட்டமும் வரவில்லை. 2012-க்குப் பிறகு ராணுவம் பிடுங்கிய நிலங்களை விசாரிக்க நாடாளுமன்றக் குழு அமைத்தார்கள், அதுகூட உள்நாட்டுக் குடியானவர்களின் மனுக்களுக்காக. 2021-ல் ராணுவம் மறுபடி வந்தது. கேஸ் போட இடமே இல்லாத ஊரில் கேஸ் போட்டுத் தருகிறேன் என்கிறவன் உங்கள் முன்பணத்தைத்தான் குறி வைக்கிறான்.

பங்காளியிடம் அந்த போன் நம்பரை வாங்கி சைபர் க்ரைமில் ஒரு புகார் போடச் சொல்லுங்கள், 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். பத்திரங்களைக் கரையான் தின்னுமுன் ஸ்கேன் பண்ணி வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், அந்த நூலகத்தின் சேகரிப்பே உங்கள் பக்கத்துக் கோட்டையூரிலிருந்து போனதுதான்.